திரும்பி வரும் பாட்டில் எது?

வெயில் கொளுத்தும் மத்தியான வேளையில் ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். பெட்டிக்கடை வாசலில் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் தண்ணீர் பாட்டில். இன்னொருவர் கையில் கலர். மூன்றாமவர் அட்டைப் பெட்டிக்குள் குழலைச் செருகி மாம்பழ ரசத்தை உறிஞ்சிக் கொண்டிருப்பார். நாலாவது ஆள் கட்டை விரலால் கோலியை அமுக்குவார். 'டப்' என்று ஒரு சத்தம். பன்னீர் சோடா பொங்கி வரும்.

நாலு பேருக்கும் தாகம் ஒன்றுதான். ஆனால் குடித்து முடித்த பிறகு நடப்பதைக் கவனியுங்கள். முதல் மூவரும் கையிலிருந்ததைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். நாலாமவரால் அது முடியாது. இரண்டடி எடுத்து வைத்தாரானால், "இன்னா நைனா, பாட்டிலை வச்சிட்டுப் போ!" என்று கடைக்காரர் குரல் கொடுத்து விடுவார்.

குடிக்கும் பானங்களை எதில் அடைத்து விற்றால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதி குறையும்? கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, அலுமினியமா, அட்டையா? உலகத்து நிபுணர்கள் இதை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட விடையில் பாதி, அந்தக் கடைக்காரர் போட்ட அதட்டலிலேயே இருக்கிறது!

கோலி செய்யும் ஜாலம்

முதலில் கோலி சோடாவின் கதையைப் பார்த்து விடுவோம். நம் ஊர்ச் சரக்கு என்றே பலரும் நினைத்திருக்கும் இந்தப் பாட்டில், இங்கிலாந்தில் பிறந்தது. ஹிராம் காட் என்ற ஆங்கில எஞ்சினீயர் 1872-ம் வருஷம் இதற்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். காஸ் நிறைந்த பானத்தைத் தக்கை வைத்து மூடினால் அது காய்ந்து சுருங்கிவிடும், காஸ் தப்பிவிடும். உள்ளே இருக்கும் காஸையே மூடியைப் பிடித்துக்கொள்ளச் செய்தால் என்ன? இதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை.

பாட்டிலின் வாயில் ஒரு ரப்பர் வளையம். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. பாட்டில்களை யந்திரத்தின் கூண்டில் மாட்டி, காஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றுவார்கள். பாட்டில் தலைகீழாகும்போது கோலி உருண்டு வாய்க்கு வரும். உள்ளிருக்கும் காஸ் அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். அவ்வளவுதான், சோடா தயார். குடிக்கும்போது கோலி மறுபடி வாயை அடைத்துவிடாதபடி, கழுத்தில் இரண்டு பள்ளங்கள் வைத்து அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார் அந்த மனிதர். கெட்டிக்காரர்!

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. தகர மூடி கிடையாது. ஒட்டுக் காகிதம் கிடையாது. உறிஞ்சு குழல் கிடையாது. கம்பெனியின் பெயரைக் கண்ணாடியிலேயே புடைப்பு எழுத்தில் வார்த்து விடுவார்கள். பாட்டில் எந்தத் தெருவில் கிடந்தாலும் அதற்குச் சொந்தக்காரர் இன்னார் என்று தெரிந்துவிடும். குடித்த பிறகு குப்பை என்று சொல்ல ஒரு துரும்பும் மிஞ்சாது.

தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு சோடாக் கம்பெனி இருந்த காலம் ஒன்று உண்டு. விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916-ல் தொடங்கிய காளிமார்க் போன்ற பெரிய ஸ்தாபனங்கள் ஒரு புறம். ஒரே ஒரு யந்திரத்தையும் ஒரு மீன்பாடி வண்டியையும் வைத்துக்கொண்டு நாலு தெருவுக்குச் சப்ளை செய்த சின்னக் கம்பெனிகள் மறு புறம். காலையில் வண்டி நிறைய சோடா போகும். மாலையில் அதே வண்டியில் காலி பாட்டில் வரும். மறு நாள் கழுவி, மறுபடி நிரப்பி, மறுபடி அதே தெரு.

(சண்டை வந்தால் அதே பாட்டில் பறக்கும் ஆயுதமாகவும் மாறியதுண்டு. 'சோடா பாட்டில் வீச்சு' என்ற செய்தியைப் பத்திரிகையில் படிக்காத தலைமுறை நம்மில் இருக்க முடியாது. கோலி சோடாவுக்குக் கெட்ட பெயர் வந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. பாட்டில் என்ன செய்யும், பாவம்!)

கழுவுகிற வேலை வேண்டாம் என்று இறகைப் போல ஒரு பாட்டில் வந்ததும், இந்தச் சக்கரத்தின் சுழற்சி மெள்ள மெள்ள நின்றது.

இறகு போன்ற பாட்டில்

1941-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் துணிக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சியாளர்களான வின்ஃபீல்டும் டிக்சனும் ஒரு புது இழையைக் கண்டுபிடித்தார்கள். பாலியஸ்டர் சட்டை பிறந்தது அதிலிருந்துதான். அதே பொருளை ஊதிப் பாட்டிலாக்கலாம் என்று காட்டி, 1973-ல் உரிமைப் பட்டயம் வாங்கினார் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி எஞ்சினீயர் நத்தானியல் வைத். அதற்குப் பாலி எத்திலீன் டெரிப்தாலேட் என்று வாயில் நுழையாத பெயர். சுருக்கமாக 'பெட்'. ஆக, நாம் போட்டிருக்கும் சட்டையும் கையில் பிடித்திருக்கும் தண்ணீர் பாட்டிலும் ஒரு தாய் மக்கள்! தாய் யாரென்றால், பெட்ரோலியம்.

வட சென்னைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு உண்டு. 1965-ல் சென்னை சுத்திகரிப்பு ஆலைக் கம்பெனி ஏற்பட்டது. 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு தொடங்கியது. அதைச் சுற்றி ரசாயனத் தொழிற்சாலைகள் முளைத்தன. பாலியஸ்டர் இழையும் பெட் பிசினும் தயாரித்த ஃபியூச்சுரா பாலியஸ்டர்ஸ் தொழிற்சாலையும் மணலியில்தான் இருந்தது. இப்போது அது மூடப்பட்டுவிட்டது.

பெட் பாட்டிலை எல்லாரும் விரும்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு மில்லி சோடா ஆயிரம் பாட்டில் அனுப்ப வேண்டும். சோடாவின் எடை 200 கிலோ. கண்ணாடிப் பாட்டில் ஒன்று 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடியின் எடை மட்டும் 300 கிலோ. பானத்தைவிடப் பாட்டிலே கனம்! அதையே 15 கிராம் பெட் பாட்டிலில் அடைத்தால் வெறும் 15 கிலோ. லாரிக்காரருக்கு எது பிடிக்கும்? வெகு தூரத்தில் பெரிய ஆலை வைத்துப் பல ஜில்லாக்களுக்குச் சரக்கு அனுப்புகிறவருக்கு எது பிடிக்கும்? சொல்ல வேண்டியதே இல்லை.

விழுந்தாலும் உடையாது. காலியைத் திரும்ப எடுத்து வர வண்டி வேண்டாம். கழுவ ஆள் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இந்தச் செலவெல்லாம் கம்பெனிக்கு மிச்சம். மிச்சமான செலவு மாயமாக மறைந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. குப்பை அள்ளுகிற மாநகராட்சி தலையிலும் வலை வீசுகிற மீனவர் தலையிலும் அது ஏறியிருக்கிறது.

எது நல்லது? 1969-ல் எழுந்த கேள்வி

இந்தச் சந்தேகம் கோகா கோலா கம்பெனிக்கே வந்தது என்றால் நம்புவீர்களா? 1969-ல் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் மிட்வெஸ்ட் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. பானத்தை அடைக்கும் கலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மூலப் பொருளைப் பூமியிலிருந்து எடுப்பதில் தொடங்கி, கடைசியில் குப்பையாகிற வரையில் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு என்று கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பொருளின் 'பிறப்பு முதல் இறப்பு வரை' கணக்கெடுக்கும் முறை அதிலிருந்துதான் வளர்ந்தது.

அதே நிலையத்தார் பிறகு அமெரிக்க அரசாங்கத்துக்காக ஒன்பது வகைக் கலங்களை ஆராய்ந்து 1974-ல் அறிக்கை கொடுத்தார்கள். பத்து தடவை திரும்பி வந்து நிரப்பப்படும் கண்ணாடிப் பாட்டில்தான் அதில் முதலிடம் பெற்றது.

இதைக் கேட்டதும், "ஆகா, கண்ணாடி என்றால் நல்லது, பிளாஸ்டிக் என்றால் கெட்டது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 'திரும்பி வரும்' என்ற வார்த்தையில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் சுமார் 1500 டிகிரி உஷ்ணத்தில் உருக்கித்தான் கண்ணாடி வார்க்கிறார்கள். அத்தனை நெருப்பைத் தின்ற பாட்டிலை ஒரே ஒரு தடவை குடித்துவிட்டு வீசினால், அதைவிட ஊதாரித்தனம் வேறில்லை. பெரும்பாலான ஆராய்ச்சிகளில் ஒரு தடவைக் கண்ணாடிக்குக் கடைசி இடம்தான். கடைகளில் இப்போது பெரிய மனுஷத் தோரணையோடு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் வருகிறது. அது திரும்பிப் போகாத பாட்டிலானால், பார்வைக்கு அழகு என்பதற்கு மேல் பெருமைப்பட ஒன்றுமில்லை.

முன்பு போட்ட கணக்கையே நீட்டிப் பாருங்கள். 300 கிராம் கண்ணாடி இருபது தடவை கடைக்குப் போய் வந்தால், தடவைக்கு 15 கிராம். இளைத்த பெட் பாட்டிலோடு எடையில் சரிக்குச் சரி! கிராமுக்குக் கிராம் பார்த்தால் கண்ணாடியைவிடப் பிளாஸ்டிக் செய்யத்தான் எரிபொருள் அதிகம் வேண்டும். ஆகவே இருபதுக்கு முன்பே கண்ணாடி ஜெயித்துவிடும். ஆனால் அந்தப் பாட்டில் பக்கத்துத் தெருவிலிருந்து வர வேண்டும். நானூறு மைலிலிருந்து லாரியில் வந்தால் டீசல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கழுவுவதிலும் சிக்கனம் வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த ஊர் நம்முடையது. 2019-ம் வருஷத்துப் பஞ்சம் மறந்து போகாது. காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் பகுதி இது. இங்கே பாட்டில் கழுவும் தண்ணீரும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

மேடும் கழிமுகமும்

இனி, திரும்பி வராத பாட்டில்கள் எங்கே போகின்றன என்று பார்ப்போம்.

நல்ல யோகம் உள்ள பாட்டில் காயலான் கடைக்குப் போகும். ஒரு காலத்தில் பேரீச்சம்பழத்துக்குக் காலி பாட்டிலை மாற்றிக் கொண்டவர்கள் நாம். அந்த வியாபாரம் இன்னும் சாகவில்லை. பேரீச்சம்பழம்தான் போய்க் காசு வந்திருக்கிறது. தெருத் தெருவாகப் பொறுக்குகிறவர்கள் காலி பாட்டிலை எடை போட்டு விற்கிறார்கள். அது நசுக்கப்பட்டு, தூளாகி, மறுபடி இழையாகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி பாராளுமன்றத்துக்கு ஒரு நீல நிற மேல் சட்டை அணிந்து வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். பழைய பெட் பாட்டில்களிலிருந்து செய்த அந்தத் துணி, நம் கரூர்த் தயாரிப்பு! ஆனால் பாட்டில் சட்டையானால் மறுபடி பாட்டிலாவது கடினம். அடுத்த பாட்டிலுக்குப் புதிதாகப் பெட்ரோலியம் வேண்டும். இதற்காகத்தான் மத்திய அரசாங்கம் 2022-ல் விதிகளைத் திருத்தியது. கெட்டியான பிளாஸ்டிக் கலங்களில் 2025-26 முதல் 30 சதவிகிதம் பழைய பிளாஸ்டிக் சேர வேண்டும். 2028-29-க்குள் அது 60 சதவிகிதமாக வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது.

யோகம் இல்லாத பாட்டில் கொடுங்கையூருக்குப் போகும். முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்தக் குப்பை மேட்டை, வட சென்னையில் யாரும் வழி கேட்டுப் போக வேண்டியதில்லை. மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். பல வருஷங்களாகச் சேர்ந்த குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை அங்கே நடக்கிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று மாநகராட்சி திட்டம் போட்டது. புகையை நாங்கள் சுவாசிக்க வேண்டுமா என்று 2025-ல் சுற்று வட்டார ஜனங்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். பெட்டிக்கடையில் ஒரு நிமிஷத்தில் காலியாகிற பாட்டிலுக்கு எத்தனை பெரிய வழக்கு, பாருங்கள்!

அதற்கும் யோகம் இல்லாத பாட்டில் மழைநீர்க் கால்வாயில் விழும். அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய். அப்புறம் கொசஸ்தலையாறு. அப்புறம் எண்ணூர்க் கழிமுகம். மூடியோடு இருக்கும் காலி பாட்டில் மிதக்கும். அதைக் கரையில் பார்க்கலாம். மூடி கழன்று தண்ணீர் புகுந்தால் கதை வேறு. பெட் பிளாஸ்டிக் கடல் நீரைவிடக் கனமானது. பாட்டில் அடியில் போய்ப் படுத்துவிடும். மூடி மட்டும் மிதந்து கரை சேரும். கடற்கரையைச் சுத்தம் செய்கிறவர்கள் கூடை கூடையாக மூடி பொறுக்குகிறார்களே, பாட்டில் எங்கே என்று கேட்கத் தோன்றும். அடியைத் துழாவும் இழுவலைக்குத்தான் அது தெரியும். காசிமேட்டு விசைப் படகுக்காரர்களைக் கேளுங்கள், மீனோடு என்னென்ன ஏறி வருகிறது என்று சொல்வார்கள். கழிமுகத்து ஆழமற்ற தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய தொல்லை.

எண்ணூர் மக்கள் ஏற்கெனவே பட்டது போதும். அனல் மின் நிலையச் சாம்பல் ஒரு பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுவதும் படிந்து, படகும் வலையும் பாழானது இன்னொரு பக்கம். பெட்ரோலியம் எண்ணெயாக வந்தாலென்ன, பாட்டிலாக வந்தாலென்ன? வந்து சேருகிற இடம் ஒன்றாகவே இருக்கிறது.

தகரமும் அட்டையும் 'மக்கும்' பாட்டிலும்

மற்றவற்றையும் ஒரு வார்த்தை சொல்லி விடலாம். அலுமினிய டப்பாவைப் புதிதாகச் செய்ய மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். ஆனால் பழைய டப்பாவை உருக்கிச் செய்தால் அதில் இருபதில் ஒரு பங்கு போதும். காயலான் கடையில் நல்ல விலை என்பதால் தெருவில் அதிக நேரம் கிடக்காது. மூன்று சரக்கில் பொறுக்குகிறவர் முதலில் குனிந்து எடுப்பது இதைத்தான்.

அட்டைப் பெட்டி காகிதம்தானே என்று ஏமாற வேண்டாம். முக்கால் பங்கு காகிதம். மீதி பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும். மூன்றும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒட்டியிருக்கும். பிரிப்பதற்குத் தனி யந்திரம் வேண்டும். சாதாரணக் காயலான் கடையில் அதற்கு மதிப்பில்லை. இலேசாக இருப்பதும், பாலும் பழரசமும் ஐஸ் பெட்டி இல்லாமலே கெடாமல் இருப்பதும் அதன் நல்ல குணங்கள்.

சோளத்திலிருந்து செய்த 'மக்கும் பிளாஸ்டிக்' என்று ஒன்று விற்கிறார்கள். அது மக்குவது உண்மை. எங்கே என்பதுதான் கேள்வி. அறுபது டிகிரி அளவுக்குச் சூடு ஏறும் பெரிய உரக் கூடத்தில் மக்கும். எண்ணூர்க் கால்வாயில் போட்டால் மற்ற பிளாஸ்டிக் போலத்தான் கிடக்கும். பெட் பாட்டில்களோடு கலந்து காயலான் கடைக்குப் போனாலோ, நல்ல சரக்கையும் கெடுத்துவிடும். இதற்குப் பதநீர்க்காரர் தரும் பனையோலைப் பட்டை எவ்வளவோ தேவலை. குடித்துவிட்டுப் போட்டால் ஆடு தின்னும்.

பத்து ரூபாய் செய்த வேலை

கண்ணாடி திரும்பி வர வேண்டும், சரி. ஜனங்கள் திருப்பித் தருவார்களா? "நம் ஜனங்களாவது, திருப்பித் தருவதாவது" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நீலகிரியைப் பார்க்க வேண்டும்.

மலைக் காட்டில் குடிகாரர்கள் வீசிய பாட்டில்கள் உடைந்து, யானை முதலிய மிருகங்களின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. 2022 மே மாதம் முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொண்டு வந்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான் திட்டம். பிரசாரம் இல்லை, பாட்டு இல்லை. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும் பகுதி கடைக்கே திரும்பி வந்துவிட்டது! குடித்தவர் வீசினாலும், வேறொருவர் பத்து ரூபாய்க்காக எடுத்து வந்தார். பிறகு வேறு பல மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது.

கடை ஊழியர்கள் முணுமுணுத்ததையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்ட வேண்டும். காலியை அடுக்கி வைக்க இடம் வேண்டும். அதிகப்படி ஆள் வேண்டும். நியாயமான குறைதான். ராயபுரத்துப் பெட்டிக்கடையின் அகலம் நமக்குத் தெரியாதா? ஆறடிக் கடையில் காலி பாட்டிலுக்கு எங்கே இடம்? திட்டம் போடுகிறவர்கள் கடைக்காரருக்குப் பாட்டிலுக்கு இத்தனை காசு என்று கூலி கொடுக்க வேண்டும். காலியை அன்றன்றே எடுத்துப் போக வண்டியும் அனுப்ப வேண்டும்.

அமெரிக்காவில் ஆரிகன் மாகாணம் 1971-லேயே பான பாட்டில்களுக்கு முன்பணச் சட்டம் போட்டது. ஜெர்மனி 2003 முதல் ஒரு தடவைப் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் முன்பணம் வாங்குகிறது. நம் நாட்டில் கோவா அரசாங்கம் 2024-ல் இப்படி ஒரு திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பதினான்கு வகைப் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை உண்டு. தண்ணீர்ப் பாக்கெட்டும் உறிஞ்சு குழலும் அதில் சேர்ந்தவை. பெட் பாட்டில் அந்தப் பட்டியலில் சேரவில்லை. நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலை 2019 ஆகஸ்டு முதல் தடுத்தார்கள். ஜனங்கள் குடிக்கத் தண்ணீர் யந்திரங்களும் வைத்தார்கள். சாராய பாட்டிலுக்குச் செல்லுபடியான பத்து ரூபாய், தண்ணீர் பாட்டிலுக்கும் கலர் பாட்டிலுக்கும் ஏன் செல்லுபடியாகாது என்பது இந்தக் கட்டுரையாளனுக்குப் புரியவில்லை.

சொல்லப் போனால், சென்னைக்காரர்களுக்கு முன்பண முறை புதிதே அல்ல. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் வீட்டுக்கு வீடு வருகிறதே, அது என்ன? முதல் தடவை கேனுக்கு முன்பணம். பிறகு காலிக் கேனைக் கொடுத்தால்தான் நிறைந்த கேன். அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் தண்டையார்ப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ தண்ணீர்க் கேன் தெருவில் அநாதையாகக் கிடந்து யாராவது பார்த்ததுண்டா? கொடுங்கையூர் மேட்டில் கேன் மலை உண்டா? கேனை நன்றாகக் கழுவி நிரப்புகிறார்களா என்று கண் வைத்திருக்க வேண்டும். பாசி படிந்து, கீறல் விழுந்து, நிறம் மங்கிய கேனை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த ஜாக்கிரதை இருந்தால் போதும்.

கோலி சோடாவுக்கும் நல்ல காலம் எட்டிப் பார்க்கிறது. ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு 2017 மார்ச்சு முதல் தேதியிலிருந்து அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் முடிவு செய்தபோது, உள்ளூர்க் கலரும் சோடாவும் மறுபடி முன் வரிசைக்கு வந்தன. 2025-ல் கோலி சோடா அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் கப்பலேறுவதாக மத்திய அரசாங்கத்தின் ஏற்றுமதி நிறுவனமே அறிவித்தது. சந்தோஷம்தான். ஆனால் கடல் தாண்டிப் போன பாட்டில் மீன்பாடி வண்டியில் திரும்பி வருமா? அங்கே அது வெறும் கனத்த கண்ணாடி. கோலி பாட்டிலின் பெருமையெல்லாம் தன் ஊர்த் தெருவைச் சுற்றுகிற வரைக்கும்தான்.

கல்யாண வீட்டுக்கு ஒரு கணக்கு

கடைசியாக, நம் கையிலேயே இருக்கும் ஒரு விஷயம். கல்யாண மண்டபத்தில் இலைக்கு இலை சின்னத் தண்ணீர் பாட்டில் வைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. முந்நூறு மில்லி. பாதி குடித்துவிட்டுப் பாதியை வைத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். பாட்டில் சின்னதாக ஆக ஆக, லிட்டருக்குப் பிளாஸ்டிக் கூடுகிறது. ஐந்நூறு பேர், ஆளுக்கு இரண்டு வேளை என்றால் ஆயிரம் பாட்டில், ஆயிரம் மூடி. உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தம் 300 லிட்டர். பதினைந்து கேன்! ஒரே ஒரு மீன்பாடி வண்டிச் சுமை. எவர்சில்வர் டம்ளரைச் சமையல்காரரே கொண்டு வருவார். கழுவ ஒரு ஆள் கூடுதலாக வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தாலும் கேன்தான் மலிவு.

ஒன்று மட்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிற அன்றே இதைப் பேசிவிட வேண்டும். சில மண்டபங்களில் பாட்டில் சப்ளையையும் வாடகையோடு சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். முகூர்த்தத்தன்று காலையில் போய், "பாட்டில் வேண்டாம், டம்ளர் வையுங்கள்" என்றால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.